ரப்பர் அக்கா வந்தால் ஃபேன் ஓடாது

தாம்பரத்துக்குக் கிழக்கே குடியிருப்பவர்கள் இரண்டே வகை. ரப்பர் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள், இனிமேல் வாங்கப் போகிறவர்கள். சேலையூரில் ஆரம்பித்து மேடவாக்கம் தாண்டி பள்ளிக்கரணை வரைக்கும் எந்த வீட்டில் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்திவிட்டு முகத்தைக் கறுப்பாக வைத்துக்கொண்டாலும், வீட்டுக்காரர் முதலில் சாமியைக் கூப்பிடுவார், அடுத்தபடியாக ரப்பர் அக்காவைக் கூப்பிடுவார். சாமி திட்டமாட்டார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "பேரைத் தெரிஞ்சுகினு இன்னா பண்ணப் போறீங்க, ரேஷன் கார்டுல சேக்கப் போறீங்களா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். எங்கள் ஏரியாவில் எல்லோருடைய செல்போனிலும் அவர் ரப்பர் அக்காதான்.

ரப்பர் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண வெள்ளை ரப்பர். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை செருகியிருக்கும். ரேம் என்பார்கள். அதன் விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அந்தப் பற்களில் அழுக்கு ஏறிவிட்டால் மிஷினுக்கு ஞாபகசக்தி போய்விடும். எழுந்திருக்க மாட்டேன் என்று பீப் அடித்து அடம்பிடிக்கும். அக்கா அந்த அட்டையை உருவி, ரப்பரால் பற்களைத் தேய்த்து, மறுபடி செருகி சுவிட்சைப் போடுவார். பெரும்பாலான வீடுகளில் அத்தோடு கதை முடிந்துவிடும். மீதி வீடுகளிலும் முதலில் ரப்பர்தான். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்ட ஒரு வீட்டில்கூட ரேமைத் தேய்த்துவிட்டுத்தான் பிரிண்டர் பக்கம் திரும்பினார் என்று கேள்வி.

அக்கா பிறந்தது கோவளத்தில். அப்பா, அண்ணன்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். கல்யாணமாகி சேலையூர் வந்து, ஒரு டேட்டா என்ட்ரி சென்டரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மிஷின் ரிப்பேர் ஆனால் சர்வீஸ் ஆள் 'இதோ வந்துகிட்டே இருக்கேன்' என்று சொல்வாராம், வரமாட்டாராம். ஒருநாள் பொறுமை போய், அக்காவே ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்துவிட்டார். அன்றைக்குத் திறந்த கை இன்னும் மூடவில்லை. ஸ்கூட்டி, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், அதற்குள் ரப்பர்கள், ஸ்க்ரூடிரைவர், கன்னத்துக்கு ரோஸ் பவுடர் போடுகிற மெத்தென்ற பிரஷ் ஒன்று. இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். அந்த பிரஷ் அவர் கன்னத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

அக்கா வீட்டுக்குள் வந்ததும் மற்ற மெக்கானிக்குகள் மாதிரி மிஷினைப் பார்க்கமாட்டார். ஃபேனைப் பார்ப்பார். "நிறுத்து" என்பார். அப்புறம் டிவி, மிக்ஸி, ஏசி எல்லாம் நிற்கவேண்டும். குக்கரை இறக்கவேண்டும். குழந்தை அழுதால் பக்கத்து வீட்டுக்கு அனுப்பவேண்டும். பீப் சத்தத்தைத் தெளிவாகக் கேட்டால்தான் வியாதி தெரியுமாம். நீளமாக அடித்தால் ஒன்று, சின்னச் சின்னதாக அடித்தால் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். வியர்த்துக் கொட்டிக்கொண்டு நாம் சுற்றி நிற்போம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தபோது, சம்பந்தி வீட்டாருக்குக் காட்டவேண்டிய போட்டோ எல்லாம் உள்ளே இருந்த மிஷின் மக்கர் பண்ணிவிட்டது. அக்கா வந்து நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் "இது நல்லாயில்லையே" என்று முனகினாராம். "நீங்களும்தான்" என்றாராம் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

வியாதி தெரிந்ததும் விசாரணை ஆரம்பிக்கும். மிஷின் தானாகக் கெடும் என்பதை அக்கா ஒப்புக்கொள்வதே இல்லை. யாரோ கையை வைத்திருக்கவேண்டும். அந்த யாரோ, வீட்டு ஆம்பளையாகத்தான் இருக்கவேண்டும். "பொம்பளைக்கு வேல கீது. சும்மா இருக்கறவன்தான் நோண்டுவான்" என்பது அவருடைய உறுதியான கொள்கை. இதனால் எங்கள் காலனியில் எத்தனையோ ஆண்கள் பண்ணாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர், அக்கா வருவதற்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்பிவிடுவார். "ஓடிட்டாரா? அப்ப அவுருதான்" என்று அக்கா தீர்ப்பு எழுதிவிடுவார்.

பள்ளிக்கரணையில் ஒரு வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து, கம்ப்யூட்டர் முழங்காலளவு நீரில் நின்றது. அக்கா மதர்போர்டைக் கழற்றிக் கழுவி, மொட்டை மாடியில் அந்த வீட்டம்மா காயவைத்திருந்த வெங்காய வடகத்துக்குப் பக்கத்திலேயே வெயிலில் வைத்தார். "காக்கா வராம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க மதர்போர்டுக்குக் காவல் இருந்தார். மிஷின் பிழைத்துக்கொண்டது. ஆனால் காக்கா வடகத்தை முடித்துவிட்டது. அக்கா வடகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று அந்த அம்மாளுக்கு இன்னும் ஆதங்கம்.

இப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு நாளைத்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவி மாலதி கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். வேலை பார்த்துக்கொண்டே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் புற்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கியது. எங்கள் பெண் பிறந்து, வளர்ந்து, ஹாஸ்டலுக்கே போய்விட்டாள். ஆராய்ச்சி மட்டும் வீட்டிலேயே இருந்தது. கடைசியில் ஒருவழியாக ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. வைவா என்கிற நேர்முகத் தேர்வு மட்டும்தான் பாக்கி. அவளுடைய கைடு அந்த மாதத்தோடு ரிட்டயர் ஆகிறார். வெளியூர்த் தேர்வாளரோ அந்த ஒரு நாளை விட்டால் வெளிநாடு போய்விடுவார். அன்றைக்கு நடக்கவில்லை என்றால் புது கைடு, புதுத் தேர்வாளர், மறுபடி முதலிலிருந்து. "இன்னொரு தடவை முதலிலிருந்தா? என்னால முடியாதுங்க. விட்டுடுவேன்" என்று மாலதி சொல்லியிருந்தாள். அவள் சும்மா பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை.

வைவா நாள், விஜயதசமிக்கு மறுநாள். மழை வெளுத்து வாங்கியதால் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். வைவாவை வீடியோவில் நடத்திவிடலாம் என்று ஏற்பாடு. விஜயதசமி முழுக்க எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. மறுநாள் காலையில்தான் வந்தது. மாலதி குளித்து, பட்டுப்புடவை கட்டி, கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டாள். மிஷின் நீளமாக ஒரு பீப் அடித்தது. நிறுத்தியது. மறுபடி நீளமாக அடித்தது. ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது.

அவள் காட்டவேண்டிய படங்கள், வரைபடங்கள், பேச்சுக்குறிப்பு எல்லாம் அதற்குள்தான். இன்னொரு பிரதி இருந்த பென்டிரைவ், போன வாரம் அவளுடைய நைட்டிப் பாக்கெட்டில் உட்கார்ந்தபடியே வாஷிங் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகத் துவைபட்டிருந்தது. மாடி வீட்டு கார்த்திக் ஓஎம்ஆர் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். சத்தம் கேட்டு இறங்கி வந்தவன், "ஆன்ட்டி, ஹார்ட் டிஸ்க்குல டேட்டா சேஃப்பாதான் இருக்கும். வேற சிஸ்டத்துல மாட்டினா எடுத்துடலாம்" என்றான். வேறு சிஸ்டம் எங்கே என்று கேட்டதற்கு, தன்னிடம் லேப்டாப்தான் இருக்கிறது, அதில் மாட்ட கேபிள் இல்லை என்றான். மாலதி பேசாமல் போனை எடுத்து ரப்பர் அக்காவைக் கூப்பிட்டாள்.

கேம்ப் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ஸ்கூட்டியை மிதக்கவிட்டபடி அக்கா வந்து சேர்ந்தார். ரெயின்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஃபேனை நிறுத்து. ஃபிரிட்ஜையும் நிறுத்து. யாரு இந்தப் புள்ள?"

"மாடி வீட்டுல இருக்கேன் அக்கா. சாஃப்ட்வேர்."

"அப்ப கம்முனு இரு."

கார்த்திக் கம்மென்று ஆனான். அக்கா கண்ணை மூடி பீப் சத்தத்தைக் கேட்டார். "ரேம்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தார்.

"சார், இன்னா பண்ணீங்க?"

"நான் கம்ப்யூட்டர் பக்கமே போகலையே அக்கா."

"எல்லா வூட்லயும் இதையேதான் சொல்றாங்க."

பெட்டியைப் படுக்கவைத்து, பக்கவாட்டு மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றினார். மூடியை எடுத்ததும் கமகமவென்று சந்தன வாசனை வந்தது. நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே இருந்த சின்ன ஃபேனின் நடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். மதர்போர்டின் மூலைகளில் குங்குமம். ரேமுக்கு, விளிம்போரமாக, அழகாக வரிசையாய்ப் பொட்டு. ஒரு சாமந்திப்பூ இதழ்கூட ஒயர்களுக்கு நடுவே கிடந்தது.

ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டருக்கு வெளியே பொட்டு வைத்து, பூ போட்டு, பக்கத்தில் பொரி வைத்ததை நான் பார்த்தேன். எல்லா வீட்டிலும் செய்வதுதானே. ஆனால் கருவறைக்குள்ளேயே போய் பூஜை நடந்திருப்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சார்," என்றார் அக்கா, மெதுவாக. அவர் மெதுவாகப் பேசினால்தான் பயமாக இருக்கும். "பக்தி கீதுன்னா கோயிலுக்குப் போங்க. ரேமுக்கு இன்னாத்துக்கு பொட்டு?"

"சத்தியமா நான் இல்லக்கா."

"நீங்க இல்லாம? டீச்சர் படிச்சவங்க, செடிகொடியெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க. அவங்க பண்ணுவாங்களா? இந்தப் புள்ளைக்கு ஸ்க்ரூ கழட்டவே தெரியாது. மிச்சம் யாரு கீறாங்க?"

நான் மாலதியைப் பார்த்தேன். மாலதி ஃபேனைப் பார்த்தாள். ஓடாத ஃபேனில் அப்படி என்ன இருக்கிறதோ. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அக்கா என்னை விடுவதாக இல்லை. பொட்டு வைத்தது எந்தக் கை, வலது கையா இடது கையா, சந்தனத்தில் தண்ணீர் கலந்தீர்களா பன்னீர் கலந்தீர்களா என்று குறுக்கு விசாரணை போனது. பன்னீர் என்றால் பிசுபிசுப்பு அதிகமாம். கொஞ்சநேரம் போயிருந்தால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன்.

"நான்தான்க்கா வெச்சேன்" என்றாள் மாலதி.

அக்கா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது.

"இத்தனை வருஷம் என்கூட உட்கார்ந்து உழைச்சது இதுதானேக்கா. வீட்டுல எல்லாரும் தூங்கினாலும் இது முழிச்சிருந்துது. வெளியில தகரத்துக்குப் பொட்டு வெச்சா போதுமா? உள்ளதானே வேலை செய்யுது. அதான், இந்த ஒரு தடவை..." என்று சொல்லும்போதே பட்டுப்புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்காவின் சர்வீஸில் ஒரு பெண் குற்றவாளியாக நின்றது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். என்ன தீர்ப்புச் சொல்வது என்று தெரியாமல் தவித்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "பக்கத்துல இருந்துகினு நீங்க தடுத்திருக்க வேணாமா சார்?" என்றார். கொள்கை காப்பாற்றப்பட்டது.

ரப்பர் வெளியே வந்தது. ரேமை உருவித் தேய்த்தார். பற்கள் தங்கமாக மின்னின. செருகி சுவிட்சைப் போட்டால் அதே நீள பீப். பிரஷ்ஷால் குங்குமத்தைத் தட்டிவிட்டு மறுபடி போட்டார். பீப். விஷயம் என்னவென்றால், மாலதி பக்தியோடு அழுத்தி வைத்த சந்தனம் வழிந்து, ரேம் செருகுகிற பள்ளத்துக்குள் இறங்கி, அங்கேயே காய்ந்து கெட்டியாகிவிட்டது. பள்ளத்துக்குள் ரப்பர் போகாது. ரப்பர் அக்கா ரப்பரைக் கீழே வைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"டீச்சர், எத்தினி மணிக்கு?"

"பதினொண்ணுக்கு."

"இத்த சொரண்டி எடுக்க நேரமாவும். டிஸ்க்கு நல்லாதான் கீது, உள்ளயே கிடக்கட்டும், யாரும் தொடாதீங்க. நான் வரேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே போனார். ஸ்கூட்டி கிளம்பிப் போன சத்தம் கேட்டது. அப்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு மாலதி உட்கார்ந்திருந்தாள். கார்த்திக், "திரும்பி வருவாங்களா அங்கிள்?" என்று என் காதில் கேட்டான். எனக்கும் அதே கவலைதான். ஆனால் கம்முனு இரு என்றேன்.

அக்கா வந்தார். ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி நின்றது. அவர் வீட்டு மிஷின். அதைத் தலையோடு காலாக ரெயின்கோட்டால் போர்த்தியிருந்தார். அவர் தொப்பலாக நனைந்து, கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு கொடுத்தேன். வாங்கி மிஷினைத் துடைத்தார். இன்னொரு துண்டு கொடுத்தேன். அதில் கையை மட்டும் துடைத்துக்கொண்டு எங்கள் டிஸ்க்கைக் கழற்றி அவருடைய மிஷினில் மாட்டினார். சின்னதாக ஒரே ஒரு பீப். அதுதான் ஆரோக்கியமான மிஷினின் பீப்பாம். ஸ்கிரீனில் கோவளம் கடற்கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகு தெரிந்தது. அதற்குள்ளிருந்து மாலதியின் புற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

கார்த்திக் தன் போனிலிருந்து நெட் கொடுத்தான். கைடு தெரிந்தார், தேர்வாளர் தெரிந்தார். மாலதி வணக்கம் சொன்னாள். அறைக் கதவைச் சாத்தினோம்.

சமையலறையில் தரையில் உட்கார்ந்து, எங்கள் மிஷினின் பள்ளத்தை ஊக்கால் சுரண்டிக்கொண்டிருந்த அக்காவின் காதெல்லாம் கதவுப் பக்கமே இருந்தது. மேல்வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள். அக்கா எழுந்து போனார். மிக்ஸி நின்றது. மழை விட்டதும் தெருவில் பழைய இரும்பு, பிளாஸ்டிக் என்று ரெக்கார்டு போட்டுக்கொண்டு ஒரு வண்டி வந்தது. அக்கா எழுந்து போனார். வண்டிக்காரரின் குரல் மட்டும் கேட்டது, "தொழில் பண்ண வேணாமாக்கா?"

"பண்ணு. அடுத்த தெருவுல பண்ணு. உள்ள டீச்சருக்குப் பரீட்சை நடக்குது."

திரும்பி வந்து கதவோரமாக நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு. உள்ளே கோரைப்புல்லின் வேரைப் பற்றி மாலதி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அதில் பாதிக்குமேல் புரிந்திருக்க வாய்ப்பில்லை, எனக்கும்தான். ஆனால் ஓரிடத்தில் தேர்வாளர் கேட்ட கேள்விக்கு மாலதி தடுமாறினாள். அக்கா கண்ணைத் திறந்தார். அப்புறம் அவள் குரல் சமாளித்துக்கொண்டு நிதானமாகப் போக ஆரம்பித்தது. "ஒண்ணியும் இல்ல, சரியாப் பூடுச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

கதவு திறந்தது. மாலதி வெளியே வந்து, "கொடுத்துட்டாங்க" என்றாள். அக்கா ஈரப் புடவையோடு அவளைக் கட்டிக்கொண்டார். பட்டுப்புடவை நனைந்தது, யாரும் கவலைப்படவில்லை. பிறகு அக்காவே போய் ஃபேன் சுவிட்சைப் போட்டார்.

"டாக்டர், இனிமே ரேமுக்குப் பொட்டு வெக்காதீங்க" என்றார்.

எங்கள் மிஷினையும் அன்று மாலைக்குள் எழுப்பிவிட்டுத்தான் போனார். வாசலில் என்னைக் கூப்பிட்டு, இனிமேலாவது ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்கப்புறம் எங்கள் கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. காலையில் சின்னதாக ஒரு பீப், அவ்வளவுதான். அங்கேதான் சிக்கல். பட்டமளிப்பு விழாப் போட்டோவைக் காட்ட மாலதி கூப்பிட்டாள். "மிஷின் நல்லா கீதா? அப்ப நான் எதுக்கு, வாட்சப்புல போடுங்க" என்று வைத்துவிட்டார். பொங்கலுக்குக் கூப்பிட்டோம். அதே கேள்வி, அதே பதில். ரிப்பேர் இல்லாத வீட்டுக்கு வந்து உட்கார அவருக்கு வழக்கமில்லை. எங்களுக்கோ அவரைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

இப்போதெல்லாம் சில ஞாயிற்றுக்கிழமைகளில், டாக்டர் மாலதி ஸ்க்ரூடிரைவரும் கையுமாக கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். நான் தடுப்பதில்லை. ஃபேனை மட்டும் நிறுத்தி வைக்கிறேன்.